மலையம்மாள் டீச்சர் எண்ணிய அடுப்புகள்

மலையம்மாள் டீச்சர் எங்கள் ஊருக்கு வந்தது அறுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும், படுக்கைச் சுருட்டும், சந்தகை பிழிகிற அச்சும் கொண்டு வந்தார். வந்த மூன்றாம் நாளே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். வெளியூர்க்காரர்கள் காரைக்குடியைப் பற்றிக் கருத்துச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது.

என் பெயர் வைரவன். அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். அப்பாவும் தாத்தாவும் தச்சு வேலை செய்தவர்கள். எங்கள் வம்சத்தில் உளிக்குப் பதில் சாக்பீஸ் பிடித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் இருக்கிற பெரிய நிலைக்கதவுகளில் பாதி தாத்தா கைவேலை. கதவைத் தடவிப் பார்த்தே அது எந்த வீடு, எந்த வருஷத்து வேலை என்று சொல்லிவிடுவேன். இந்த ஊரைத் தெரிந்தவன் என்றால் அது நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

டீச்சர் அதுவரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மூன்று நாள் சாப்பிட்டிருந்தார். அந்த அனுபவத்தில் அவர் சொன்னது இதுதான்.

"காரமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது சார். ஆனா அது மெஸ்காரர் சமையல். ஊருச் சமையல் வேற எங்கியோ இருக்குது. அதைக் கண்டுபுடிக்கோணும்."

"கண்டுபிடிக்கிறதுக்கு அது என்ன காணாமப் போன மாடா டீச்சர்? வீட்டுச் சமையல் வீட்டுக்குள்ள இருக்கு. உள்ள விட்டாத்தானே சாப்பிடுவீக?"

"விடுவாங்க சார்," என்றார். நாளைக்கு வியாழக்கிழமை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. கோபியில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இவர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். வேலையோ தற்காலிகம். இந்த நிலைமையில் இருக்கிறவர் கொஞ்சம் அடங்கிப் பேசுவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். டீச்சருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சத்தம் போட மாட்டார், ஆனால் சொன்னதிலிருந்து ஓர் அங்குலம் நகரவும் மாட்டார்.

குடியிருக்க அவருக்குக் கிடைத்தது எங்கள் பின்தெருவில் ஓர் ஓட்டு அறை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னால் முகப்பும் நிலைக்கதவும், நடுவில் முற்றங்கள், கடைசியில் சமையற்கட்டும் கிணறும். முன்தெருவில் நடந்தால் கதவு கதவாகப் பார்க்கலாம். பின்தெருவில் நடந்தால் தாளிக்கிற சத்தம் கேட்கும். நான் முன்தெருக்காரன். டீச்சருக்கு வாய்த்தது பின்தெரு.

அவர் அறைக்கு நேர் எதிரே சீதாலட்சுமி ஆச்சி வீட்டின் பின்வாசல். ஆச்சிக்கு ஐந்து மகன்கள், ஐந்து மருமக்கள். கடைசி மருமகள் மீனாம்பிகை ஒருநாள் காலையில் தண்ணீர் கொட்ட வந்தவள், டீச்சர் வாசலில் உட்கார்ந்து சந்தகை பிழிவதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன டீச்சர், வெந்ததப் போட்டுப் பிழியிறீக?"

"நீங்க பிழிஞ்சுட்டு வேக வெப்பீங்க. நாங்க வேக வெச்சுட்டுப் பிழிவோமுங்க. தின்னு பார்த்துட்டு எது மேலுன்னு சொல்லுங்க."

மீனாம்பிகை தின்று பார்த்தாள். ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஒரு கிண்ணத்தில் தன் இடியாப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சரும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை இன்றைக்கும் தீரவில்லை; கிண்ணம் மட்டும் அன்றிலிருந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

அந்த ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆச்சி வீட்டுப் பின்வாசலிலிருந்து டீச்சருக்கு நாலு கிண்ணம் கும்மாயம் வந்தது. பயறும் உளுந்தும் வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிண்டுகிற பலகாரம். ஒரே வீடு, ஒரே நாள், ஒரே பலகாரம், நாலும் நாலு ருசி. ஒன்றில் கருப்பட்டி தூக்கல். ஒன்றில் நெய் மிதந்தது. ஒன்றில் பயறு கூடவே வறுபட்டிருந்தது. நாலாவதை வழித்துத் தின்றுவிட்டு டீச்சர் மீனாம்பிகையைக் கூப்பிட்டு, ஒரே சட்டியில் கிண்டியது எப்படி நாலு விதமாகும் என்று கேட்டார்.

"ஒரே சட்டின்னு யாரு சொன்னா? எங்கள்ல கல்யாணமாகி ஒரு வருஷத்துல வேற வச்சுருவாக டீச்சர். பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, இந்தா இது ஒன் அடுப்புன்னு காமிச்சுருவாக. ஒரே வீட்டுக்குள்ளதான் இருப்போம். எங்க மாமியார் அடுப்புல நான் கை வைக்க மாட்டேன். அவுகளும் எஞ் சட்டியத் தெறந்து பாக்க மாட்டாக."

டீச்சர் அன்று இரண்டு தடவை அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊருக்கு வந்து இரண்டு மாதமாகத் தேடியது எங்கே இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. கதவைக் கேட்டால் ஒரு வீடு. அடுப்பைக் கேட்டால் நாலு வீடு.

அதற்குப் பிறகு அவரை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் டவுன் பஸ் ஏறிக் கோட்டையூர் போய்ப் பால்பணியாரம் சாப்பிட்டு வருவார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா அழகி மானகிரிக்காரி. அவள் வீட்டில் உட்கார்ந்து கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும் குடித்துவிட்டு, அமராவதிபுதூரில் ஒரு டீச்சர் வீட்டுக் கவுனி அரிசி இனிப்புக்கும் போய்விட்டு வருவார். போகிற இடத்தில் சும்மா வாங்கித் தின்கிற ஆள் இல்லை. கொள்ளுப் பருப்பும் அரிசிம்பருப்புச் சோறும் ஆக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அழகி வீட்டில் இப்போது வாரம் ஒருநாள் கொள்ளுப் பருப்பு.

இரண்டு வருஷத்தில் அவர் வழி சொல்கிற விதமே மாறிவிட்டது. "வெள்ளைப்பணியாரம் மெத்துன்னு சுடற வீட்டைத் தாண்டுங்க. கோழிக்கு மிளகு தூக்கலாப் போடற வீட்டுக்கு எதுத்தாப்பல," என்பார். இந்த விலாசத்தில் தபால்காரர் கடுதாசி கொடுத்துவிடுவாரா என்று நான் கிண்டல் செய்தேன். "அவருக்குப் பசிச்சாக் கொடுத்துருவாருங்க," என்றார்.

செவ்வாய்க்கிழமைதோறும் டீச்சர் தன் டிபன் கேரியரின் அடித்தட்டில் பச்சைமிளகாய் மண்டி கொண்டுவருவார். அரிசி கழுவிய கெட்டித் தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு வைப்பது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு, ஆனால் அந்த மண்டி வேறு. காரம் முதலில் தெரியாது. சோற்றை விழுங்கியபின் மெதுவாக வந்து உட்காரும். பிறகு இன்னொரு பிடி கேட்கும். நான் முதல் தடவை அதைச் சாப்பிட்டதுமே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"இது சீதாலட்சுமி ஆச்சி கைப்பக்குவம். பெரிய வீட்டுக் கை தவிர வேற கையில இது வராது."

"அந்தத் தெருதானுங்க," என்றார் டீச்சர். அதற்குமேல் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்? ஏறக்குறைய மூன்று வருஷம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், அந்த மண்டியில் பாதி என் தட்டுக்கு வந்தது.

எழுபத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வாத்தியார்கள்தான் வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். ஐந்து பேருக்கு நான் மேற்பார்வையாளர். அதில் ஒருவர் மலையம்மாள் டீச்சர். அவருக்கு வந்தது எங்கள் தெரு. முந்தின வருஷம் வீட்டுப் பட்டியல் எடுத்தவன் நான். எங்கள் தெருவுக்குப் பத்து வீடு, பத்துக் குடும்பம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்பது பெரிய வீடு, பத்தாவது கடைசியில் இருக்கிற என் வீடு.

பயிற்சி வகுப்பில் விதியை உரக்கப் படித்துக் காட்டியவனும் நான்தான். ஒன்றாக வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். வாய் படித்தது, மனசில் ஓடியது பத்து நிலைக்கதவு.

மார்ச் இருபத்தேழு, சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் தன் படிவங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பத்து வீட்டுக்கு இருபத்தேழு குடும்பம் எழுதியிருந்தார்.

"என்ன டீச்சர் இது? ஆச்சி வீட்டுக்கு மட்டும் நாலு குடும்பம் எழுதியிருக்கீக?"

"ஆமாங்க சார். அடுப்பு ஆறு இருக்குது. ஒரு மகன் பினாங்குல, ஒரு மகன் மெட்ராஸ்ல. அந்த ரெண்டு அடுப்பும் எரியறதில்லீங்க. அதை எண்ணலை."

"அது ஒரே வீடு. எங்க தாத்தா செஞ்ச கதவு. எல்லாரும் அந்த ஒரே கதவு வழியாத்தான் வாராக, போறாக. நீங்க பாட்டுக்குப் பிரிச்சு எழுதுனா பெரியவுக என்ன நெனப்பாக?"

"கதவு ஒண்ணுதானுங்க சார். நீங்க படிச்ச விதியில கதவுன்னு இல்லையே. சமையல்னுதான இருந்துச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, டீச்சர் எழுதியது சரி என்றால் போன வருஷம் நான் எழுதிக் கொடுத்த பட்டியல் தப்பு. கதவைத் தடவியே ஊரைச் சொல்கிறவன் சொந்தத் தெருவில் பதினேழு குடும்பத்தைக் கோட்டைவிட்டான் என்றால் வெளியே தலைகாட்ட முடியாது.

இரண்டாவது காரணத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. பத்தாவது வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு, டீச்சர் இரண்டு குடும்பம் எழுதியிருந்தார். முதல் குடும்பத்தில் நான், என் மனைவி, மூன்று பிள்ளைகள். இரண்டாவது குடும்பத்தில் ஒரே ஆள். குடும்பத் தலைவர்: சொர்ணவல்லி.

சொர்ணவல்லி என் மதினி. அண்ணன் மனைவி. அண்ணன் அறுபத்துநாலில் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளை குட்டி இல்லை. என் அம்மா இருந்தவரை சமையற்கட்டு அம்மா கையில் இருந்தது. மருமக்கள் அரைத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். மறுவருஷம் அம்மாவும் போனபின் அந்தக் கரண்டி யார் கைக்கு என்று என் மனைவிக்கும் மதினிக்கும் ஒரு வாரம் பேச்சு வளர்ந்தது. எட்டாம் நாள் மதினி கிணற்றடியில் இறக்கியிருந்த கூரைச் சாய்ப்பில் மூன்று கல்லை வைத்துத் தனியாக உலை ஏற்றிவிட்டார். நான் நடுவில் போகவில்லை. வெளியில் கேட்டவர்களுக்கெல்லாம், "மதினி எங்ககூடத்தான் இருக்காக, ஒண்ணாத்தான் சாப்பிடுறோம்," என்று சொல்லிவைத்தேன். செட்டியார் வீடுகளில் வேறு வைப்பது முறை, கௌரவம். எங்களில் அப்படி முறை கிடையாது. விதவை மதினி தனி அடுப்பில் பொங்கித் தின்கிறார் என்றால் அது கொழுந்தனுக்கு அவமானம். ஆறு வருஷமாக மூடிவைத்ததை இந்தக் கோபிக்காரி அரசாங்கப் படிவத்தில் மையால் எழுதிவிட்டார்.

"இது கற்பனைக் கணக்கு," என்றேன். "நாளைக்குள்ள திருத்திக் கொடுங்க. இல்லாட்டி இப்படி இப்படின்னு மேல எழுதுறது தவிர எனக்கு வேற வழி இல்ல."

நான் எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜூனில் அவர் வேலை நிரந்தரமாக வேண்டும். பொய்க் கணக்கு எழுதியவர் என்று ஒரு காகிதம் போனால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கோபியில் மூன்று பேர் சாப்பாடு அதில் இருந்தது.

டீச்சர் முகம் வெளுத்துத்தான் இருந்தது. பிறகு படிவங்களை எடுத்து அடுக்கினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க சார். பதனோரு மணிக்கு எங்கூடப் பின்தெருவுல ஒருக்கா நடங்க. ஒரு மணி நேரம். அதுல ஒரு அடுப்பு பொய்யின்னாலும் நானே தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். நீங்க ஒண்ணும் எழுத வேண்டியதில்லை."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஜெயிக்கப்போவது நான்தான் என்று நினைத்ததால் சரி என்றேன்.

நாற்பத்திரண்டு வயதில் அந்தப் பின்தெருவில் நான் வேலை மெனக்கெட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் கையில் படிவமும் பென்சிலும். முதல் வீட்டுப் பின்சுவர் ஓரம் நின்றார். உள்ளே பார்க்கவில்லை, மூக்கை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

"ரெண்டு அடுப்புங்க சார். ஒண்ணுல எண்ணெய்க் கத்திரிக்காய். இன்னொண்ணுல இப்பத்தான் சோம்பு தாளிச்சாங்க."

பின்வாசல் வழியாகக் கேட்டோம். இரண்டு அடுப்பு. ஒன்றில் கத்திரிக்காய், ஒன்றில் தண்ணிக்குழம்பு. இரண்டாவது வீட்டில் மூன்று என்றார்; மூன்று இருந்தது. மூன்றாவது வீட்டில் எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. இரண்டு என்று எழுதியிருந்தார், உள்ளே மூன்று அடுப்பு புகைந்தது. "பாத்தீகளா?" என்றேன். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகறதுங்க சார். மாட்டையும் குடும்பத்துல சேர்த்துக்கலாமுங்களா?" என்றார். அந்த வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

ஆறாவது, சீதாலட்சுமி ஆச்சி வீடு. நாலு அடுப்பு எரிந்தது. கோழிக் குழம்பு ஒன்று, கத்திரிக்காய்க் கோசமல்லி ஒன்று, மீனாம்பிகை அடுப்பில் புளிக்குழம்பு. நாலாவதில் ஆச்சி தனக்காக ஒரு சின்னச் சட்டியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வியப்பு.

"என்ன வைரவா, பின்பக்கமா வந்திருக்கே? முன்வாசல் தெரியலையா?"

"ஆச்சி, ஒண்ணு கேக்கணும். இது ஒரே வீடுதானே?"

"இதென்ன கேள்வி? ஒரே வீடுதான்."

"அப்ப நாலு குடும்பம்னு டீச்சர் எழுதியிருக்காகளே?"

"சரியாத்தானே எழுதியிருக்காக," என்றார் ஆச்சி. "நாலு ஒலை கொதிக்குது, நாலுன்னுதான் எழுதணும். நான் அஞ்சு மருமக்களோட ஒரே அடுப்புல நின்னுருந்தா இந்நேரம் இந்த வீட்டுல ஒருத்தியும் இருக்க மாட்டா. அவ அவ அடுப்பு அவ அவளுக்குன்னு விட்டதாலதான் எல்லாரும் இந்த வீட்டுல இருக்காக. போன வருஷம் நீ வந்து கேட்டப்ப வீடு எத்தனைன்னுதானே கேட்டே? அடுப்பு எத்தனைன்னு கேக்கலையே."

அது உண்மை. நான் கேட்கவில்லை. பத்து நிலைக்கதவிலும் நின்று, உள்ளே கால் வைக்காமல், பத்து என்று எழுதிக்கொண்டு வந்தவன் நான். ஆச்சி, "ரசம் குடிச்சுட்டுப் போறீகளா டீச்சர்?" என்று மலையம்மாள் டீச்சரைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஏழு, எட்டு, ஒன்பது. ஓர் அடுப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்பதாவது வீடு முடிந்ததும் நான் நின்றேன்.

"போதும் டீச்சர். நீங்க எழுதினது சரிதான். நான் ஒண்ணும் எழுத மாட்டேன். வீட்டுக்குப் போங்க."

"இன்னும் ரெண்டு அடுப்பு இருக்குதுங்க சார்."

"அது எனக்குத் தெரிஞ்ச வீடு."

"உங்களுக்குத் தெரியாதுங்க சார்," என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "தெரிஞ்சிருந்தா மூணு வருஷமா அதை ஆச்சி கைப்பக்குவம்னு சொல்லியிருக்க மாட்டீங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு காற்று எங்கள் கிணற்றடியிலிருந்து இந்தப் பக்கம் திரும்பியது. புளியும் பூண்டும் பச்சைமிளகாயும் அரிசித் தண்ணீரில் கொதிக்கிற வாசம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிபன் கேரியரின் அடித்தட்டைத் திறந்ததும் வருகிற அதே வாசம். அது என் வீட்டிலிருந்து வந்தது.

ஆறு வருஷமாக என் வீட்டுக் கிணற்றடியில் கொதித்ததை நான் ஒரு நாளும் நின்று முகர்ந்ததில்லை. அந்தப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொண்டு போவது பழக்கமாகிவிட்டிருந்தது. வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்று பின்தெருவில் நின்றபோது நன்றாகத் தெரிந்தது.

பின்வாசல் வழியாக உள்ளே போனோம். மதினி சாய்ப்பில் அடுப்புக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். டீச்சர் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

"அடிச்சுரப் போறீகளா தம்பி?" என்று கேட்டார்.

"எதை மதினி?"

"எம் பேரை. டீச்சர் எழுதுனப்பவே சொன்னேன், தம்பிக்குப் பிடிக்காது, அவுக கூடயே சேத்து எழுதிருங்கன்னு. அவுகதான் கேக்கல. தனியா ஒலை வச்சா தனிக் குடும்பந்தான், தலைவர் நீங்கதான்னு சொல்லிட்டாக." குனிந்து விறகை உள்ளே தள்ளினார். "ஒங்க அண்ணன் போனதுக்கப்புறம் எம் பேரை ஒருத்தரும் எதுலயும் எழுதினதில்ல தம்பி. அதான் நானும் சரின்னு விட்டுட்டேன்."

நான் டீச்சரிடம் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். கிணற்று மேடையில் வைத்து, சொர்ணவல்லி என்ற பெயர் இருந்த தாளில் மேற்பார்வையாளர் இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். மற்ற இருபத்தாறிலும் அங்கேயே நின்று போட்டு முடித்தேன். திங்கட்கிழமை, போன வருஷத்து வீட்டுப் பட்டியலில் நான் குடும்பங்களைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று மேலே ஒரு கடிதமும் கொடுத்தேன். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு காகிதம் வந்தது. அதற்கு, நான் கதவை எண்ணினேன், டீச்சர் அடுப்பை எண்ணினார் என்று உள்ளதை உள்ளபடி பதில் எழுதினேன். அந்த ஜூனில் டீச்சருக்கு வேலை நிரந்தரமானது. இதை எழுதுகிற எழுபத்தொன்பதில் அவர் எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை. பின்தெரு அறையை விடவில்லை. என் வீட்டில் இன்றும் அடுப்பு இரண்டுதான். யாராவது கேட்டால் இரண்டு என்றே சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை முடித்துவிடுகிறேன். கையெழுத்துப் போட்டபின் நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ப்புக்குள் போய் உட்கார்ந்தேன். உள்ளே சமையற்கட்டு வாசலில் என் மனைவி நின்று பார்த்தாள். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். மதினி தட்டைக் கழுவி, சோறு வைத்து, மண்டியை ஊற்றினார்.

"உப்புச் சரியா இருக்கா தம்பி?"

"செவ்வாய்க்கிழமை இருக்குற மாதிரியேதான் இருக்கு மதினி."

மதினி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செவ்வாய்க்கிழமை ஒங்களுக்கும் சேத்துத்தானே வைக்கிறேன். நீங்க விரும்பிச் சாப்பிடுறீகன்னு டீச்சர் முத வாரமே வந்து சொல்லிட்டாக."

துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். காரம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். இது காரம் வருகிற நேரம் இல்லை என்று அங்கிருந்த இரண்டு பேருக்கும் தெரியும். டீச்சர் கிணற்று மேடையில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"இந்த அடுப்புல சாப்பிடற ஆளு ஒண்ணுன்னு எழுதியிருக்கேனுங்க சார்," என்றார். "மாத்தோணுமுங்களா?"

"வேண்டாம் டீச்சர். அவுக பேருலயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மண்டிக்குத் தட்டை நீட்டினேன்.